அடுப்பை அணைத்த பிறகும் கொதிக்கும் கல்சட்டி: ஆறாண்டு அனுபவம்

கடந்த வாரம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பட்டறையில் கொடுத்து, விரிசல் விட்ட என் கல்சட்டிக்கு இரும்புப் பட்டை கட்டி வாங்கி வந்தேன். அதற்கு மறுநாள், என்னோடு பணிபுரியும் தோழி ஒருவர் தானும் ஒரு கல்சட்டி வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் தெரிந்த ஏமாற்றத்தைப் பார்த்த பிறகுதான், நான் சொன்ன பதில் எவ்வளவு பொருத்தமற்றதாக அவருக்குத் தோன்றியிருக்கும் என்பது உறைத்தது. மதிய உணவு வேளையில் நான் திறந்து வைக்கும் வற்றல் குழம்பையும் கட்டித் தயிரையும் ஆண்டுக் கணக்கில் பகிர்ந்து உண்டதால் வந்த ஆசை அது. ஆகவே அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இருப்பதை முழுமையாக எழுதிவிடுவதே நியாயம் என்று நினைக்கிறேன்.

புதுச் சட்டியை வடிகஞ்சி ஊற்றிப் பழக்குவது, மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசி ஊறவிடுவது, முதல் சில நாட்கள் சிறுதீயிலேயே வைப்பது ஆகியவற்றைப் பலரும் எழுதிவிட்டார்கள். நானும் அப்படியே செய்தேன், அதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என்னுடைய சட்டி இரண்டரை லிட்டர் கொள்ளும். எடை 4 கிலோ 300 கிராம். 2019-ஆம் ஆண்டு தை மாதத்தில் சேலம் கடைவீதியில் வாங்கினேன். வாங்கிய அன்றே அதன் வயிற்றுப் பகுதியில் வெள்ளையாக ஒரு கோடு நெளிந்து ஓடுவதைப் பார்த்து, அப்போது எட்டு வயதாயிருந்த என் மகள் அதற்கு ‘ஆறு’ என்று பெயர் வைத்தாள். பழகப் பழகச் சட்டி கருத்துப் போயிற்று. அந்த ஆறு மட்டும் மங்கலாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

என் மனத்தாங்கல் ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சட்டிக்கு அடுப்பை அணைத்தது தெரிவதில்லை. தீயை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஒருநாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். சாம்பாரில் கடைசிக் குமிழி அடங்க ஆறு நிமிடங்களும் சில விநாடிகளும் ஆயின. பால் பொங்கி வரும்போது அணைத்தால், அணைத்த பிறகு இன்னும் நிதானமாகப் பொங்கி மேடையெல்லாம் வழியும். இதை ஆறு ஆண்டுகள் பழகியும் என்னால் முழுமையாகக் கணிக்க முடியவில்லை என்பதுதான் எரிச்சலின் மூலம்.

காரணம் விளங்காததல்ல. கல்சட்டி செய்யப் பயன்படும் மாக்கல் பெரும்பாலும் டால்க் என்னும் கனிமத்தால் ஆனது. நகத்தால் கீறினாலே தடம் பதியும் அளவுக்கு மென்மையானது என்பதால்தான் அதைக் கடைசல் பிடித்துச் சட்டியாக்க முடிகிறது. ஆனால் வெப்பத்தைத் தாங்கி வைப்பதில் அதன் குணமே வேறு. ஒரு கிலோ மாக்கல் ஒரு கிலோ இரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு வெப்பத்தைத் தன்னுள் வைத்துக்கொள்கிறது. எங்கள் வீட்டில் அதே அளவு கொள்ளும் எவர்சில்வர் பாத்திரத்தின் எடை 700 கிராம். எடையையும் கல்லின் குணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், கல்சட்டி அந்த எவர்சில்வர் பாத்திரத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு வெப்பத்தைச் சுமந்துகொண்டு அடுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு வெப்பமும் எங்கே போகும்? உள்ளே இருக்கும் உணவுக்குள்தான் போகும்.

இதனால் மிகவும் பாதிக்கப்பட்டது எங்கள் வீட்டுக் கீரை. எங்கள் பக்கத்தில் கீரைக் கடைசல் வாரத்தில் மூன்று நாளாவது இல்லாமல் இருக்காது. கல்சட்டியில் வேகவைத்து, அதிலேயே மத்தைப் போட்டுக் கடைந்தால் வரும் பதத்தை மிக்சியால் தரவே முடியாது என்பதில் என் அத்தைக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. சட்டியின் கனம் மத்தின் வேகத்துக்கு அசையாமல் நிற்கிறது. உட்புறத்தின் மெல்லிய சொரசொரப்பு இலையைப் பிடித்துக் கொடுக்கிறது. ஆனால் நிறம்? பச்சைப் பசேலென்று போட்ட சிறுகீரை, பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கடைந்து முடிப்பதற்குள் காய்ந்த புல்லின் நிறத்துக்கு வந்துவிடும். கீரையின் பச்சையத்தின் நடுவில் இருப்பது மக்னீசியம். நீண்ட நேரம் சூட்டில் இருக்கும்போது, கீரையிலிருந்தே வெளிவரும் புளிப்புச் சத்து அந்த மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகிறது, பச்சை பழுப்பாகிறது. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கும் ஊர் எங்களுடையது. அந்த வெள்ளைக்கல்லும் மக்னீசியம்தான், சட்டியின் மாக்கல்லிலும் மக்னீசியம்தான். இருந்தும் கீரையில் இருக்கும் துளி மக்னீசியத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லையே என்று பல நாள் மனம் வருந்தியிருக்கிறேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. மூடாமல் வேகவைத்தேன், ஓரளவு பயன் இருந்தது. பாதி வெந்ததும் அணைத்தேன். சிறுகீரைக்குச் சரியாக வந்தது, அரைக்கீரையின் தண்டு மட்டும் நறநறவென்று நின்றது. முளைக்கீரைக்கு ஒரு கணக்கு, பொன்னாங்கண்ணிக்கு வேறொரு கணக்கு. சித்திரையில் சரியாக வந்த கணக்கு மார்கழியில் தவறியது. வெந்த கீரையை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஆறியபின் மீண்டும் சட்டியில் போட்டுக் கடைவது ஒன்றே உறுதியான வழி; அப்படிச் செய்தால் கழுவ வேண்டிய பாத்திரம் கூடுகிறது, ஒரே சட்டியில் வேகவைத்துக் கடையும் வசதி போய்விடுகிறது. அத்தை இதைக் குறையாகவே எண்ணுவதில்லை. கல்சட்டிக் கீரை அந்த நிறத்தில்தான் இருக்கும் என்பார். எனக்கு அது போதவில்லை. தட்டில் விழும் கீரை பச்சையாக இருக்க வேண்டும் என்று விரும்புவது பெரிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்வளவு குறை சொல்லும் நான், சட்டி விரிசல் விடும்வரை வற்றல் குழம்பை வேறு எந்தப் பாத்திரத்திலும் வைத்ததில்லை. புளியோடு இந்தக் கல் வினை புரிவதில்லை. அணைத்த பின் தொடரும் அந்தக் கொதியே சுண்டைக்காயின் கசப்பை அடக்கி, எண்ணெயை மேலே மிதக்கவிடுகிறது. தயிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சேலத்துக் கோடையில் மாலையில் புரையூற்றிய பால் காலைக்குள் புளித்துப் போவதே வழக்கமாயிருந்த எங்கள் வீட்டில், கல்சட்டித் தயிர் மறுநாள் மதியம் வரை கெட்டியாகவும் இனிப்பாகவும் நின்றது. கல் நிதானமாகச் சூடேறி நிதானமாக ஆறுவதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி நான்காம் ஆண்டில் வந்தது. புதிய உணவுகளைச் செய்து பார்ப்பதில் எனக்கும் மகளுக்கும் ஆர்வம் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கொரிய நாடகத் தொடர்களைப் பார்க்கத் தொடங்கியிருந்த அவள், அங்கே பிபிம்பாப் என்னும் கலவைச் சோற்றைத் தோல்சோத் என்ற கற்பாத்திரத்தில் பரிமாறுவதைக் காட்டி, நம் வீட்டிலும் கல்சட்டி இருக்கிறதே என்றாள். பாத்திரத்தின் உட்புறம் எண்ணெய் தடவி, சோற்றைப் பரப்பி, அதன்மேல் வதக்கிய காய்களைத் தனித்தனியாக அடுக்கி, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, சுடச்சுட மேசைக்குக் கொண்டுவந்து கோச்சுஜாங் என்னும் புளிக்கவைத்த மிளகாய் விழுதோடு கலந்து உண்பது அதன் முறை. அவர்கள் வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெயைப் பயன்படுத்துகிறார்கள். நான் நம் நல்லெண்ணெயையே தடவினேன். பொன்னி அரிசியைச் சற்றுக் குழைய வடித்துப் பரப்பி, கேரட்டும் முளைகட்டிய பயறும் காளானும் அடுக்கி, எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டே நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்த பாலக்கீரையையும் வைத்தேன். அன்று அந்தக் கீரை பச்சையாகவே இருந்தது.

அடுப்பிலிருந்து இறக்கி மேசையில் வைத்த பிறகும் சோறு அடியில் சடசடவென்று பொரிந்துகொண்டிருந்தது. முட்டை எங்கள் கண்ணெதிரே வெந்தது. நான்கு ஆண்டுகளாக எந்தக் குணத்தை நான் நொந்துகொண்டிருந்தேனோ, அந்தக் குணத்துக்காகவே ஒரு நாட்டில் கல்லில் சோறு பரிமாறுகிறார்கள் என்பதை அன்று கண்டேன். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்ன மூவரும் போட்டியிட்டோம். கொரியர்கள் அந்தக் காந்தலின்மேல் வெந்நீர் ஊற்றி, அது ஊறிய நீரைக் கடைசியில் குடிக்கிறார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். வறுத்த அரிசியின் மணத்தோடு இருந்த அந்த நீர் அத்தைக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்துப் போயிற்று. வெந்நீர் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். சூடான கல்லில் குளிர்ந்த நீர் படக்கூடாது.

கடந்த மார்கழியில் ஏற்காட்டில் இருக்கும் என் அக்காள் வீட்டுக்குப் பத்து நாள் தங்கச் சென்றபோது சட்டியையும் எடுத்துச் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அது என் மடியிலேயே இருந்தது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்குமேல் ஏறாது. கொள்ளு வேகவைக்க அக்காள் எப்போதும் குக்கரையே நம்புவார். நான் இரவே ஊறவைத்த கொள்ளைக் கல்சட்டியில் போட்டு, வெந்து வரும் தறுவாயில் அணைத்து மூடி வைத்துவிட்டு, காப்பித் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது கொள்ளு விரல் பட்டாலே நசுங்கும் பதத்தில் இருந்தது. சட்டியைத் துணியில்லாமல் தொட முடியவில்லை. தண்ணீரை ரசத்துக்கு வடித்துவிட்டுச் சீரகமும் பூண்டும் சேர்த்துக் கடைந்த அந்தக் கடைசலைப் போல நான் சேலத்தில் ஒருநாளும் செய்ததில்லை. மலைமேல் இந்தச் சட்டி தன் இயல்பான இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாகவே எனக்குத் தோன்றியது.

அன்று மாலைதான் அது உடைந்தது. சாப்பாடு முடிந்து, மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, மீண்டும் சூடுபடுத்திய சட்டியை அப்படியே கழுவும் தொட்டியில் வைத்திருந்தேன். இறக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. எந்தப் பாத்திரமும் அதற்குள் ஆறியிருக்கும் என்று எண்ணிய உறவுப் பெண் ஒருத்தி, உதவும் எண்ணத்தோடு, மார்கழிக் குளிரில் மேல்நிலைத் தொட்டியில் நின்ற தண்ணீரை அதில் திறந்துவிட்டாள். ‘டிக்’ என்று ஒரு சிறு ஒலி கேட்டது. அவளை நான் குறை சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் சூடாக இருப்பதாகக் காட்டிக்கொள்ளாத பாத்திரம் அது. ஆவி வராது, நிறம் மாறாது. ஆறு ஆண்டுகள் பழகிய என்னையே ஏமாற்றும் பொருள், முதன்முறை பார்க்கும் ஒருத்தியை ஏமாற்றாமல் இருக்குமா?

பட்டறைப் பெரியவர் பட்டையைக் காய்ச்சிப் பூட்ட மறுத்துவிட்டார். சூடு பட்டால் விரிசல் மேலும் ஓடும் என்று, குளிர்ந்த பட்டையையே சுற்றித் திருகாணி வைத்து இறுக்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் கெட்டியான அரிசிக் கஞ்சியை ஊற்றி வைத்த பிறகு கசிவு நின்றது. அடுப்பில் இனி ஏற்றக்கூடாது என்பது அவருடைய கண்டிப்பான சொல். ஆகவே இப்போது அதில் தயிர் மட்டும் தோய்கிறது. வற்றல் குழம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் வைக்கிறேன், அது வேறு ஏதோ குழம்பாக இருக்கிறது. கீரை பச்சையாக இருக்கிறது. ஆனால் மிக்சியில் அரைத்த கீரை.

தோழிக்கு நான் சொன்ன பதிலை மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு சட்டியின் சூட்டுக்கு வீட்டில் உள்ள அனைவரும் தங்கள் கையையும் கவனத்தையும் ஆண்டுக் கணக்கில் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பது, காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் ஒருவருக்கு நான் பரிந்துரைக்கக்கூடிய ஒன்றல்ல. அதையும் மீறி அவர் கடைவீதிக்குப் போவார் என்றால், அடி தடித்ததாகப் பார்த்து எடுக்கட்டும். விரலால் சுண்டிப் பார்த்து, மந்தமாக ஒலிப்பதை ஒதுக்கட்டும். நிறைய நீர் ஊற்றி ஓர் இரவு வைத்துக் கசிகிறதா என்று பார்த்த பிறகே பழக்கத் தொடங்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லில் வெள்ளை நரம்பு ஓடும் சட்டியை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்கவே வேண்டாம். என் சட்டியின் விரிசல் விளிம்பில் தொடங்கி, என் மகள் பெயர் வைத்த அந்த ஆற்றின் வழியாகவே அடிவரை இறங்கியிருக்கிறது.