பித்தளைக் கீல் என்று சொல்லி இரும்பைக் கட்டிக் கொடுத்தார்கள்: மரப்பெட்டி செய்கிறவர்கள் கவனத்துக்கு

3,480 ரூபாய். ஓர் அங்குலக் கீல் 24, ஒன்று 85 ரூபாய். கொண்டியும் நாதாங்கியும் சேர்ந்த செட் 12, ஒன்று 120 ரூபாய். அத்தனையும் "அசல் பித்தளை, அலிகார் சரக்கு" என்று சொல்லி விற்றது. அதில் குந்துமணி அளவுகூடப் பித்தளை இல்லை. கீல் முழுக்க இரும்புத் தகடு, மேலே மஞ்சள் முலாம். கொண்டி ஜிங்க் வார்ப்பு.

கடையின் பெயர் வேண்டாம். கைப்பிடி, பூட்டு, டிராயர் சேனல் எல்லாம் விற்கும் பர்னிச்சர் ஹார்டுவேர் கடை. இதே வித்தை எந்த ஊரிலும் நடக்கும் என்பதால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நம்ப வைத்த விதம்தான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. காந்தம் கேட்டது நான் இல்லை. கடைக்காரரே மேசை டிராயரிலிருந்து காந்தத்தை எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் இருந்த மாதிரிக் கீலின் மேல் வைத்தார். ஒட்டவில்லை. "நீங்களே புடிச்சுப் பாருங்கண்ணே, கனத்தைப் பாருங்க" என்று கையில் கொடுத்தார். தகடு 1.2 மில்லி, இரண்டு தகட்டையும் கோக்கும் ஊசி ஆட்டமில்லாமல் இறுக்கமாக இருந்தது, திருகு உட்காரும் குழி சுத்தமாகச் சரித்து வெட்டியிருந்தது. அது அசல்தான். கட்டிக் கொடுத்தது வேறு. உள்ளேயிருந்து பையன் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகள் டேப் ஒட்டி இருந்தன. "அதே மால்தாண்ணே, பிரிச்சா எண்ணிக்கை கலைஞ்சிடும்" என்றார். பில்லுக்குப் பதில் எஸ்டிமேட் சீட்டு. அதில் "கீல் 24, கொண்டி 12" என்று மட்டும் இருக்கிறது, பித்தளை என்ற சொல்லே இல்லை. மாதிரியைச் சோதித்துக் காட்டியவர் மூட்டையைச் சோதிக்க விடவில்லை என்றால் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

பெட்டி 10 அங்குல நீளம், 6 அகலம், 4 உயரம். 12 மில்லி தேக்குப் பலகை. கல்யாணச் சீர்த் தட்டில் வைக்க 12 பெட்டிகள். மாதிரிக் கீலை அளந்து, கீல் பதிய பலகையில் 1.2 மில்லி ஆழத்துக்குப் பள்ளம் வெட்டியாகிவிட்டது. வந்த கீலின் தகடோ 0.8 மில்லி. பள்ளம் தகட்டைவிட ஆழமாகிவிட்டால் என்ன ஆகும் என்று வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்: மூடி பின்பக்கம் முட்டிக்கொள்ளும், முன்பக்கம் வாய் பிளந்து நிற்கும். அழுத்தி மூடினால் கீல் திருகைப் பிடுங்கும். கீலுக்கு அடியில் அட்டை வெட்டி வைத்துச் சரிக்கட்ட வேண்டியதாயிற்று. சரக்குக்குச் சரக்கு தடிமன் கொஞ்சம் மாறும் என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தது தப்பு.

அடுத்தது திருகு. கீலோடு வந்தது அரை அங்குலம், அதாவது 12.7 மில்லி. பள்ளம் வெட்டிப் பலகையின் விளிம்பில் இறக்கும் கீலுக்கு அது சரி. ஆனால் கொண்டி பலகையின் முகப்பில் உட்காருவது. 12 மில்லிப் பலகையில் அந்தத் திருகு உள்பக்கம் முனை காட்டும், 9 மில்லி என்றால் நேராகக் குத்திக்கொண்டு வந்துவிடும். அங்கே முக்கால் செண்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கீலிலோ திருகின் தலை குழியைவிடப் பெரிது. தகட்டுக்கு மேல் துருத்திக்கொண்டு, மூடும்போது எதிர்த் தகட்டுத் தலையோடு மோதுகிறது.

பெட்டி போன வீடுகளில் ஒன்றில் வழக்கம்போல் புளி போட்டுக் கீலைத் துலக்கியிருக்கிறார்கள். மஞ்சள் புளியோடு போய்விட்டது. மறுநாள் காலையில் துரு. அவர்கள் சொன்ன பிறகு மீதிக் கீல்களை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்தேன். அத்தனையும் வெள்ளை. காந்தம் கப்பென்று பிடிக்கிறது.

கொண்டியில் காந்தம் ஒட்டாது, ஜிங்க்கும் காந்தத்துக்கு மசியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். அரம் வைத்தால் சாம்பல் நிறம் தெரியும், பித்தளை என்றால் உள்ளே வரைக்கும் மஞ்சள்தான். பித்தளைக் கொண்டி கொஞ்சம் கோணினாலும் வளைத்து நிமிர்த்தலாம். ஜிங்க் வளையாது, பட்டென்று முறியும். இரண்டு கொண்டிகள் முறிந்தே விட்டன.

கடைக்குப் போன் செய்தேன். "ஊசி மட்டும் இரும்புண்ணே, பித்தளைக் கீல்லயும் அப்படித்தான் வரும். அதான் காந்தம் இழுக்குது." இதில் பாதி உண்மை, அதனால்தான் எரிச்சல். நல்ல பித்தளைக் கீலிலும் சிலவற்றில் இரும்பு ஊசி இருக்கும். அப்போது காந்தம் முடிச்சுப் பக்கம், அதாவது ஊசி நுழையும் உருளைப் பக்கம்தான் இழுக்கும். இதில் தகட்டின் கடைசி மூலையிலும் ஒட்டுகிறது. அதைச் சொன்னதும் "நேர்ல வாங்க". நேரில் போனால் "ஸ்க்ரூ போட்ட மாலை யாருண்ணே திருப்பி எடுப்பா?" திருகு போடாமல் மிச்சமிருந்த நான்கு கீலை நீட்டினேன். "ஓனர் வரட்டும்." ஓனருக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன், பார்த்ததற்கான நீலக்குறி வந்தது, பதில் வரவில்லை. கடைசியாக நேற்று, "500 ரூபாய்க்கு வேற ஏதாவது எடுத்துக்குங்க, விடுங்க". 3,480 ரூபாய்க்கு 500 ரூபாய்! எதை விடுவது?

3,480 மட்டும் இல்லை. ஒரு பெட்டிக்குக் கீலில் 8 திருகு, கொண்டியில் 4. மாட்டி முடித்த 10 பெட்டிக்கு 120. கழற்றும்போது தலை வழுக்கி, கழுத்தில் முறிந்து, பாதி தேக்குக்குள்ளேயே நிற்கிறது. முறிந்ததைச் சுற்றித் தோண்டி எடுத்து, ஓட்டையில் மூங்கில் சீவல் வைத்து ஃபெவிகால் போட்டு, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி 2 மில்லி பிட்டில் துளை போட வேண்டும். புதுக் கீலுக்குப் பள்ளமும் திருத்த வேண்டும்.

கீல், கொண்டி தேர்ந்தெடுப்பது பற்றி முழுசாக எழுத நினைத்தேன். இப்போதைக்கு இவ்வளவுதான்.

கட்டிக் கொடுக்கும் அட்டைப் பெட்டியைக் கடையிலேயே பிரியுங்கள். காந்தத்தைத் தகட்டின் மூலையில் வையுங்கள், முடிச்சில் வைக்காதீர்கள். ஒரு சின்ன அரம் சட்டைப்பையில் இருக்கட்டும், தகட்டின் பின்பக்கம் ஓர் இழுப்பு போதும். அதற்கு விடாத கடையில் வாங்காதீர்கள். சீட்டில் "பித்தளை" என்று எழுதச் சொல்லுங்கள், முறையான பில் வாங்குங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப் போனால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும்.

சரக்கு கைக்கு வந்து அளந்து பார்க்கும்வரை பள்ளம் வெட்டாதீர்கள். பித்தளைத் திருகை நேராக முறுக்காதீர்கள், முறியும். அதே அளவு இரும்புத் திருகை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, மெழுகு தடவிக் கையால் போடுங்கள். கொண்டி கடைசியில், மூடி சரியாக உட்கார்ந்த பிறகு. மழைக்கும் வெயிலுக்கும் பலகை ஒன்றிரண்டு மில்லி அசையும், நாதாங்கியில் அந்த இடம் விடுங்கள்.

மூடி பின்னால் விழாமல் நிறுத்தும் சங்கிலி பற்றியும் சொல்ல வேண்டும். பிறகு எழுதுகிறேன், இன்னும் ஏழு பெட்டி கழற்ற வேண்டியிருக்கிறது.