ஃபாஃப்ஸா நிரப்பித் தருகிறோம் என்று 1,450 டாலரை விழுங்கினார்கள்

கோபம் ஆறும்வரை காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். மே 1-க்குள் சேருவதாகக் கல்லூரிக்குப் பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகள் உள்ள வீடுகள் நியூ ஜெர்சியில் நிறைய இருக்கின்றன. அவர்கள் படிக்கட்டும்.

என் வீட்டுக்காரர் 2023-இல் வேலை போனபிறகு வாடகைக் கார் ஆப் ஒன்றில் ஓட்டினார். அந்த வருமானத்தைக் காட்டும் 1099 படிவம் வந்தது. வரி எவ்வளவு கட்டச் சொல்வார்களோ என்ற பயத்தில் அந்த ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் தள்ளிக்கொண்டே போனார். மகள் 2025-26-க்குக் கல்லூரி உதவித்தொகை கேட்டு ஃபாஃப்ஸா என்ற ஃபெடரல் அரசு விண்ணப்பத்தைப் போட உட்கார்ந்தால், அது கேட்பது அதே 2023 வரிக்கணக்கை! திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட் என்ற அரசு உதவி மட்டுமே அந்த ஆண்டுக்கு 7,395 டாலர் வரை கிடைக்கும். எங்கள் வருமானத்துக்கு அது பெரிய காசு.

அந்த நேரத்தில்தான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம். உதவித்தொகை ஆலோசனை நிறுவனமாம், ஆன்லைனிலேயே எல்லாம் முடித்துத் தருவார்களாம். போன் எடுத்தவர் நல்ல தமிழில் பேசினார். "அக்கா, வரி போடாத கேஸ் எங்களுக்கு வாரத்துக்கு பத்து வருது. அண்ணன் பயப்படவே வேணாம்" என்றார். நாங்கள் யாரிடமும் சொல்லக் கூசிய விஷயத்தை அவர் காய்ச்சல், தலைவலி போலப் பேசியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பினோம். 2023 வரிக்கணக்குக்கு, அதாவது ரிட்டர்னுக்கு 900, ஃபாஃப்ஸாவுக்கு 300, "வரி தாக்கல் செய்யவில்லை" என்று ஃபெடரல் வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தரும் கடிதத்துக்கு 250. மொத்தம் 1,450 டாலர்.

ரிட்டர்ன் போடப்போகிறவருக்குப் போடவில்லை என்ற கடிதம் எதற்கு என்று அப்போதே கேட்டேன். "பேக்கேஜ்ல வருதுக்கா, காலேஜ் கேக்கும்" என்றார்.

நடந்தது இதுதான். மகள், அப்பா இருவரின் ஃபெடரல் உதவிக் கணக்குப் பாஸ்வேர்டுகளையும், அவர்கள் போனுக்கு வந்த குறியீடுகளையும் வாங்கிக்கொண்டு, அப்பா 2023-க்குத் தாக்கல் செய்யவில்லை, செய்யப்போவதும் இல்லை என்று நிரப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரி எங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்ப்புக்கு எடுத்தது. வருமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்ட தாளில் மகள் உள்ளதை உள்ளபடி எழுதினாள். உதவித்தொகை அலுவலக அம்மா பொறுமையாகச் சொன்னார்: சொந்தத் தொழிலில் செலவு போக 400 டாலர் நின்றாலே ரிட்டர்ன் போட்டாக வேண்டும், அதனால் தாக்கல் செய்யவில்லை என்ற இந்தக் கடிதம் செல்லாது, முரண்பாடு தீரும்வரை ஃபெடரல் பணம் ஒரு சென்ட் கூட வராது. ஐ.ஆர்.எஸ்.ஸிடம் அந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் இல்லை என்பதைத்தான் அந்தக் கடிதம் சொல்கிறது, போடத் தேவையில்லை என்று சொல்லவில்லையாம். அதுவும் 4506-டி படிவம் அனுப்பினால் இலவசம். நாங்கள் கொடுத்தது 250.

சரி, 900 டாலர் ரிட்டர்ன் எங்கே? ஒரு பி.டி.எஃப். வந்தது. தயாரித்தவர் கையெழுத்து இல்லை, காசு வாங்கித் தயாரிப்பவருக்கு இருக்க வேண்டிய பிடின் எண்ணும் இல்லை. ஐ.ஆர்.எஸ். இணையக் கணக்கைத் திறந்து பார்த்தால் 2023-க்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

போன் செய்தால் முதலில் "ஐ.ஆர்.எஸ். சிஸ்டம் ஸ்லோக்கா". அப்புறம் "எங்க டாக்ஸ் டீம் கூப்பிடுவாங்க". அதற்கப்புறம் தமிழ் பேசிய தம்பி காணாமல் போனார். ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், சேவைக் கட்டணம் திரும்பத் தரப்படாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்றது. எந்த ஒப்பந்தம் என்று கேட்டதும் லைன் கட். சாட்டில் எழுதினால் "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று சிரிக்கும் பொம்மையோடு மூடிவிட்டார்கள். போனிலிருந்து நாங்களே அனுப்பிய பணம் என்பதால் வங்கியும் கைவிரித்துவிட்டது. 1,450 டாலர், என் வீட்டுக்காரர் இரவு பகலாக வண்டி ஓட்டிய காசு.

கடைசியில் நூலகத்தில் நடக்கும் வீட்டா இலவச வரி முகாமில்தான் 2023 கணக்கை முடித்தோம். குறைந்த வருமானக்காரர்களுக்கான முகாம் அது, பழைய ஆண்டுக் கணக்கைச் சில இடங்களில்தான் எடுப்பார்கள், கேட்டுவிட்டுப் போங்கள். கையெழுத்திட்ட வரிக்கணக்குப் படிவமான 1040-இன் நகலைக் கல்லூரியில் கொடுத்து, ஃபாஃப்ஸாவையும் திருத்தியாயிற்று. ஆனால் கல்லூரி தன் சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கான முன்னுரிமைத் தேதி போய்விட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. ஃபாஃப்ஸா இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். பாஸ்வேர்டையும் போனுக்கு வரும் குறியீட்டையும் யாரிடமும் சொல்லாதீர்கள். ரிட்டர்ன் போடவில்லையென்றால் கல்லூரி உதவித்தொகை அலுவலகத்திடமே நேராகச் சொல்லுங்கள், அவர்கள் திட்டுவதில்லை. தாமதமாகப் போட்டாலும் போட்டுவிடுங்கள், பாக்கி இருந்தால் அபராதம் மாதாமாதம் ஏறும். கையெழுத்துப் போட மறுக்கும் வரி ஆளிடம் போகாதீர்கள். இப்படிப்பட்டவர்கள் மேல் புகார் கொடுக்க ஐ.ஆர்.எஸ்.ஸில் 14157 என்று ஒரு படிவம் இருக்கிறது, நான் அனுப்பிவிட்டேன்.