பழைய அப்ரைட் பியானோ: ஆணி வகையா, ஸ்க்ரூ ஸ்ட்ரிங்கரா?

நூறு வயது தாண்டிய இரண்டு அமெரிக்க அப்ரைட்களில், அதாவது கம்பிகள் நெட்டுக்குத்தாக நிற்கும் பியானோக்களில், ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று வழக்கமான ஆணி வகை. மற்றது மேசன் அண்ட் ஹாம்லின் நிறுவனத்தின் ஸ்க்ரூ ஸ்ட்ரிங்கர், கம்பியை ஆணிக்குப் பதில் திருகால் இறுக்கும் வகை. இரண்டாவதைத்தான் எடுத்தேன். பெட்டியின் வேலைப்பாடு, தந்தம் பதித்த கட்டைகள் எல்லாம் இரண்டிலும் அழகுதான். முடிவு செய்ய வைத்தது சுருதிப் பிடிப்பு.

சாதாரண பியானோவில் இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகள். அவற்றின் மொத்த இழுவிசை பல டன். அத்தனையையும் தாங்குவது பின்பிளாக் என்ற கெட்டி மரப் பலகையில் இறக்கிய எஃகு ஆணிகள். வீணைப் பிரடை மாதிரி உராய்வால்தான் நிற்கின்றன. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடிக் காற்று வறண்டால் மரம் சுருங்கும், பலகை விரிசல் விடும், ஆணி தளரும். அப்புறம் இன்று சேர்த்த சுருதி அடுத்த வாரம் இருக்காது. தடித்த ஆணி போட்டுக் கொஞ்ச காலம் ஓட்டலாம். பலகையையே மாற்ற வேண்டுமென்றால் கம்பிகளையும் இரும்புச் சட்டத்தையும் கழற்ற வேண்டும். பியானோவின் விலையைவிடக் கூலி எகிறிவிடும். நாதம் கெடாத எத்தனையோ அப்ரைட்கள் குப்பைக்குப் போவது இந்த ஒரு பலகையால்தான்.

1854இல் பாஸ்டனில் ரீட் ஆர்கன் (ஹார்மோனியம் போன்ற வாத்தியம்) செய்யத் தொடங்கிய மேசன் அண்ட் ஹாம்லின், 1883இல் பியானோவுக்கு வந்தபோது அந்தப் பலகையையே நீக்கிவிட்டது. ஒவ்வொரு கம்பிக்கும் இரும்பிலேயே ஒரு மரைத்திருகு. சிறு சாவியால் நட்டைத் திருப்பினால் கம்பி இழுபடும். தளர அங்கே மரமே இல்லை. துளித்துளியாக ஏற்ற முடிவதால், ஒரே ஸ்வரத்தின் மூன்று கம்பிகளும் அச்சாக ஒன்றுகின்றன. என்ன அருமையான யோசனை!

சுருதியே சேர்க்க வேண்டாம் என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். நாதத்தைப் பெருக்கும் பலகையான சவுண்ட்போர்டு மரம்தான், ஈரப்பதம் மாறினால் சுருதியும் நகரும். வேலையும் மெதுவாகவே நடக்கும், சுருதி சேர்க்கும் ட்யூனர்கள் சிலர் தொடவே மாட்டார்கள். உதிரிபாகம் வேண்டுமென்றால் இன்னொரு பழைய ஸ்க்ரூ ஸ்ட்ரிங்கரிலிருந்து கழற்ற வேண்டியதுதான். என்னுடையதில் இதுவரை கம்பி அறுந்ததில்லை. அதை மாற்றுவது பெரும்பாடு என்று ட்யூனர் சொல்லித்தான் தெரியும். மறுவிற்பனையில் இரண்டுக்குமே பெரிய விலை கிடையாது.

ஊரில் இதைத் தொடும் ட்யூனர் இல்லையென்றால் ஆணி வகையையே பாருங்கள், ஆனால் ஆணிகளின் இறுக்கத்தைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஸ்க்ரூ ஸ்ட்ரிங்கர் என்றால், சாவி கூடவே வருகிறதா, நட்டுகள் துருப்பிடிக்காமல் திரும்புகின்றனவா என்று பாருங்கள்.