வசைப்பெயர்களை வரைபடமாக்கிய துண்டு: ஒரு மதிப்புரை

லிவர்பூல் துறைமுகத்தை ஒட்டிய நினைவுப்பொருள் கடை ஒன்றில் 9 பவுண்டு கொடுத்து, பாத்திரம் துடைக்கும் பருத்தித் துண்டு ஒன்று வாங்கினேன். அதில் பிரிட்டனின் வரைபடமும், ஒவ்வோர் ஊர்க்காரரையும் வெளியூர்க்காரர்கள் இளக்காரமாக அழைக்கும் பெயரும் அச்சிடப்பட்டிருக்கின்றன. பெயர்க்காரணங்களைச் சொல்லும் சிறு அட்டை ஒன்றும் உடன் வருகிறது. துணி தடிமனானது, ஈரத்தை நன்றாக உறிஞ்சுகிறது, ஓரத் தையல் மட்டும் சற்று மோசம். ஆனால் நான் பணம் கொடுத்தது அந்த அட்டைக்காகத்தான் என்பதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உள்ளூர்ப் பெயரான ‘ஸ்கௌசர்’ விஷயத்தில் அட்டை குறை வைக்கவில்லை. இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றோடு கப்பல் பிஸ்கட்டையும் போட்டு மாலுமிகள் காய்ச்சிய ‘லாப்ஸ்கௌஸ்’ என்ற குழம்பைத் தின்பவர் என்ற ஏளனத்திலிருந்து அந்தப் பெயர் வந்ததையும், இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளின் குழம்பு ‘குருட்டு ஸ்கௌஸ்’ எனப்பட்டதையும் நான்கே வரிகளில் சொல்லிவிடுகிறது.

லண்டனுக்கு வந்ததும் நழுவுகிறது. செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தின் மணியோசை எட்டும் தொலைவில் பிறந்தவரே ‘காக்னி’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மணியோசை எல்லையைக் காட்டுமே தவிர, சொல்லின் பிறப்பைக் காட்டாது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் ‘சேவலின் முட்டை’, அதாவது உருக்குலைந்த சிறு முட்டை என்று பொருள். பிறகு அது செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளையைக் குறித்து, வயலில் உழைப்பவர்கள் நகரத்துச் சொகுசுக்காரர்களை நையாண்டி செய்யும் சொல்லாகி, கடைசியில்தான் லண்டன்வாசிக்கு மட்டுமே உரியதாயிற்று. முட்டையிலிருந்து மணி வரையிலான இந்தப் பயணம்தான் அந்தச் சொல்லின் சுவையே. பர்மிங்காமிலும் இதே கதைதான். ‘பிரம்மி’ என்பது ஊர்ப்பெயரின் சுருக்கம் என்று அட்டை சாதுவாகச் சொல்கிறது. அந்த ஊரின் பழைய பெயர்வடிவமான ‘பிரம்மஜம்’, 17ஆம் நூற்றாண்டில் அங்கே அடிக்கப்பட்ட கள்ள நாணயங்களால் ‘போலிச் சரக்கு’ என்றே பொருள்பட்டதை விட்டுவிடுகிறது. வசைகளை விற்பவர்கள் வசையின் காரத்தை எடுத்துவிட்டுப் பரிமாறுவது எனக்கு விளங்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, ஹார்ட்டில்பூல் பகுதியில் கட்டுக்கதையை வரலாறாகவே அச்சடித்திருக்கிறார்கள். நெப்போலியன் போர்க்காலத்தில் உடைந்த பிரெஞ்சுக் கப்பலிலிருந்து கரையேறிய குரங்கை ஒற்றன் என்று எண்ணி அவ்வூர் மீனவர்கள் தூக்கிலிட்டார்கள் என்பதற்கு அக்காலச் சான்று எதுவும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பாடப்பட்ட ஒரு நகைச்சுவைப் பாடலே கதையைப் பரப்பியது. ஆனால் ‘குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்’ என்ற வசையை அவ்வூரார் தமதாக்கிக்கொண்ட விதம் கதையை விட வேடிக்கையானது. உள்ளூர்க் கால்பந்து அணியின் குரங்கு வேடக்காரரான ஸ்டூவர்ட் டிரம்மண்ட், பள்ளிப் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இலவசம் என்று வாக்களித்து 2002இல் மேயராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார், பின்னர் இரண்டு முறை மீண்டும் வென்றார். அட்டையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

மன்னிக்க முடியாத பிழை ஒன்று வடகிழக்கில் இருக்கிறது: நியூகாசலுக்குரிய ‘ஜோர்டி’ என்ற பெயரைச் சண்டர்லாந்து வரை இழுத்து அச்சிட்டிருக்கிறார்கள். ஜார்ஜ் என்ற பெயரின் செல்ல வடிவமான அது, 1745 கிளர்ச்சியில் நியூகாசல் மன்னர் ஜார்ஜின் பக்கம் நின்றதால் வந்ததா, ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1815இல் செய்த சுரங்க விளக்கால் வந்ததா என்பது இன்னும் தீராத வழக்கு. சண்டர்லாந்துக்காரரை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது என்பதில் மட்டும் எந்த வழக்கும் இல்லை. அவர்களுக்குரிய பெயர் ‘மாக்கம்’. ‘மேக்’, ‘டேக்’ என்ற ஆங்கிலச் சொற்களை ‘மாக்’, ‘டாக்’ என்று உச்சரிக்கும் அவர்களது பேச்சைக் கேலி செய்து பிறந்த பெயர் அது.

பேச்சுக்கு வழிசெய்யும் பரிசாக, பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாம்; சண்டர்லாந்து நண்பருக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சாயமும் நிற்கவில்லை. சுற்றுலாப் பயணிகளைக் கார்ன்வால் மக்கள் ‘எம்மெட்’, அதாவது எறும்பு என்று அழைப்பதைக் காட்ட வரைந்திருந்த எறும்புச் சாரை, மூன்றாவது முறை துவைத்ததிலேயே அழிந்துபோயிற்று.