ஜெங்ஜோவா, ஷாங்காயா, சிங்கப்பூரா: மகள் படிப்புக்கு நாங்கள் போட்ட கணக்கு

“சீனாதான் இவ்வளவு வளர்ந்துவிட்டதே, இன்னும் ஏன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிநாட்டுக்கு ஓடுகிறார்கள்?” திருப்பூருக்குப் போகும்போதெல்லாம் யாராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பதற்குக் காரணமுண்டு. என் வீட்டுக்காரர் சீனர், ஹெனான் மாகாணத்து ஜெங்ஜோவ்காரர். துணி ஏற்றுமதிக் கம்பெனி வேலையாக ஷாவ்ஷிங் பக்கத்துக் கெச்சியாவ் சந்தைக்குப் போன நான், அங்கேயே கல்யாணம் முடித்து, பிறகு ஷாங்காயில் குடியேறினேன். 2023-இல் எங்களுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. மகளை ஜெங்ஜோவுக்கு, தாத்தா பாட்டியிடம் அனுப்புவது. ஷாங்காயிலேயே தனியார் பள்ளியில் போடுவது. அல்லது நான் அவளை அழைத்துக்கொண்டு சிங்கப்பூர் வருவது. மூன்றாவதைத்தான் எடுத்தோம். அதனால் என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீனப் பள்ளி மட்டம் என்று நான் சொல்லவே மாட்டேன். கணக்குப் பாடத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஷாங்காயில் ஆறாம் வகுப்பில் போட்ட கணக்கை வைத்துத்தான் மகள் இங்கே முதல் வருடத்தை ஓட்டினாள். ஊர் சுத்தம், பாதுகாப்பு, ரயில், இதிலெல்லாம் குறையே இல்லை. 2022 வசந்தத்தில் கொரோனாவுக்காக ஷாங்காயில் இரண்டு மாதம் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தபோது ‘ரன்’ என்ற சொல் எல்லோர் கைப்பேசியிலும் சுற்றியது. ஈரப்பதம் என்று பொருள் தரும் சீன எழுத்து அது. அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘ஓடு’ என்று வரும், அதுதான் வேடிக்கை. நாங்களும் சிரித்தோம், ஆனால் அதற்காகக் கிளம்பவில்லை.

எங்களைக் கிளப்பியது ஒரு சின்னப் புத்தகம். அதன் பெயர் ஹுகோவ். நம்மூர் ரேஷன் கார்டு மாதிரி குடும்பப் பதிவு, ஆனால் ரேஷன் கார்டைப் போல ஊர்விட்டு ஊர் சுலபமாக மாறாது. 1958-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. என் மகள் ஷாங்காயில் பிறந்தாள், ஷாங்காய்ப் பேச்சில் சண்டை போடுவாள். ஆனால் அப்பாவின் புத்தகத்தில் ஏறியதால், காகிதத்தில் அவள் ஹெனான்காரி. காவ்காவ் என்கிற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை ஹுகோவ் உள்ள மாகாணத்தில்தான் எழுத வேண்டும் என்பது பொது விதி. ஷாங்காயில் வேலை செய்யும் வெளியூர்க்காரருக்கு, படிப்பையும் வேலையையும் வைத்து அரசு போடும் புள்ளி 120 சேர்ந்தால் பிள்ளை அங்கேயே எழுதலாம். பட்டதாரிக்கு அது பெரிய பாடில்லை. என் வீட்டுக்காரர் டிப்ளமோ படித்தவர். சாயப்பட்டறை இயந்திரங்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியும் புள்ளி எட்டவில்லை. புள்ளி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஷாங்காயில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தொழிற்பள்ளிதான்.

எங்கே எழுதினால் என்ன, எல்லாம் ஒரே நாடுதானே என்று நானும் நினைத்தேன். ஹெனானில் ஒரே ஆண்டில் காவ்காவ் எழுதுவோர் 13 லட்சத்துக்கும் மேல். ஷாங்காயில் ஒரு லட்சம்கூட வராது. அரசு தனியே தூக்கிவிட்ட ‘211’ பட்டியல் பல்கலைக்கழகங்கள் நாடு முழுக்க நூற்றுச் சொச்சம். அதில் ஹெனானுக்கு ஒன்றே ஒன்று, ஜெங்ஜோவ் பல்கலைக்கழகம். ஷாங்காய்க்கு ஒரு கை விரல்கள் போதாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் மாகாணவாரியாக இடம் ஒதுக்கும்போது சொந்த ஊருக்கு அதிகம் கொடுக்கும். ஆக, அதே பெண், அதே மூளை. எந்த ஊர்ப் புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்பதில் பாதி விதி எழுதப்பட்டுவிடுகிறது.

இதற்கும் முன்னால் பதினைந்து வயதில் ஜோங்காவ் என்று ஒரு மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு, அது ஒரு சல்லடை. ஏறக்குறைய பத்தில் நாலு பிள்ளைகள் அங்கேயே தொழிற்பள்ளிப் பக்கம் போய்விடுகிறார்கள். அதற்குப் பின் கதவு முழுக்க அடைபடுவதில்லை, ஆனால் குனிந்து நுழைய வேண்டிய கதவு. மைத்துனர் மகன் ஜெங்ஜோவில் இருக்கிறான், என் மகள் வயதுதான். வரும் ஜூனில் அவனுக்கு ஜோங்காவ். காலை ஆறரைக்கு வீட்டை விட்டால் இரவு பத்துக்குத்தான் வருகிறான். போன வருடம் விடுமுறையில் போனபோது பார்த்தேன்: சாப்பாட்டு மேசையில் மாமியார் அவனுக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கிறார், அவன் இடது கையால் வாய்க்குப் போட்டுக்கொண்டே வலது கையால் எழுதுகிறான். 2021-இல் அரசு டியூஷன் கம்பெனிகளை இழுத்து மூடியது. டியூஷன் நின்றதா? வீட்டுக்குள் வந்தது, விலையும் ஏறியது.

இரண்டாவது வழிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷாங்காயில் இருமொழித் தனியார் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒன்றரை இரண்டு லட்சம் யுவான் கேட்டார்கள். அங்கே படித்தாலும் கடைசியில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்தான் இலக்கு. அப்படியென்றால் இப்போதே போய்விட்டால் என்ன?

எங்கே போவது என்பதில் அமெரிக்காவை ஒரே இரவில் தள்ளினோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது, விசாவும் நாளுக்கொரு பேச்சு. அங்கே சீன மாணவர்கள் 2019-20-இல் 3.7 லட்சம், 2023-24-இல் 2.8 லட்சத்துக்கும் கீழே. பிரிட்டனின் ஓராண்டு முதுகலை பட்டதாரிகளுக்கு வசதி, எங்களுக்கு அல்ல. ஹாங்காங் மட்டும் கொஞ்சம் ஆசை காட்டியது. 2022 இறுதியில் தொடங்கிய திறமையாளர் விசாவில் அப்பா போனால், பிள்ளை உள்ளூர்த் தேர்வு எழுதலாம். அதற்கு ஆண்டு வருமானம் 25 லட்சம் ஹாங்காங் டாலர் வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் உள்ள பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். மறுபடியும் டிப்ளமோவில் வந்து நின்றது.

சிங்கப்பூரில் அப்பாவின் படிப்பை யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏ.ஈ.ஐ.எஸ். தேர்வு, ஆங்கிலமும் கணக்கும் மட்டும். தேறினால் இடம் இருக்கும் பள்ளியில் போடுவார்கள், நாம் தேர்ந்தெடுக்க முடியாது. தேறினாலும் இடமில்லையென்றால் இல்லைதான். “இடம் உறுதி” என்று சொல்லி ஷாங்காயில் ஒரு ஏஜென்ட் எங்களிடம் முன்பணம் வாங்கினார். உறுதி என்று எதுவுமே கிடையாது என்பது பின்னால் தெரிந்தது, பணமும் திரும்பவில்லை. மாணவருடன் தங்க அம்மாவுக்கு அல்லது பாட்டிக்கு அனுமதி உண்டு, அப்பாவுக்குக் கிடையாது. இப்படி வருகிறவர்களைச் சீனர்கள் ‘பெய்து மாமா’ என்பார்கள். நம் மாமா அல்ல, ‘கூடவிருந்து படிக்கவைக்கும் அம்மா’. எங்கள் அடுக்குமாடியில் என்னைச் சேர்த்து மூன்று பேர். மற்ற இருவருக்கும் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கித் தருவது என் வேலை.

குறை இல்லையா? இருக்கிறது. கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகளைப்போல் பல மடங்கு, ஆசியான் நாட்டுப் பிள்ளைகளைவிடவும் கூட, வருடா வருடம் ஏறுகிறது. வாடகை கொல்கிறது. ஜெங்ஜோவ் வீட்டை விற்றோம். அதுவும் விலை இறங்கிய பிறகு. இருந்தாலும் பணத்தைவிட அப்பா இல்லாத வீடுதான் எனக்குப் பெரிய செலவு. சிங்கப்பூரும் பிள்ளைகளைச் சலிக்காத ஊர் இல்லை, பன்னிரண்டு வயதிலேயே சல்லடையில் போடுகிறது. ஆனால் இங்கே கீழே விழுந்த பிள்ளை தொழிற்கல்விக் கழகத்திலிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் ஏறியதை நான் பக்கத்து வீட்டிலேயே பார்க்கிறேன். 2024-இல் சேர்ந்த மகளின் செட்டிலிருந்து மதிப்பெண் வைத்துப் பிள்ளைகளைப் பிரித்த பழைய பிரிவுகளையும் எடுத்துவிட்டு, பாடவாரியாக நிலை வைத்திருக்கிறார்கள். அவள் ஆங்கிலத்தில் தடுமாறினாலும் கணக்கில் மேல்நிலையில் இருக்க முடிகிறது. எனக்கு இது ஒன்று போதும். பல்கலைக்கழக வாசலை இன்னும் நாங்கள் பார்க்கவில்லை, அதனால் இரண்டு வருட அனுபவத்துக்கு மேல் இதை இழுக்க மாட்டேன்.

நாங்கள் பெட்டி கட்டிய ஆகஸ்டில்தான் சீன அரசு இளைஞர் வேலையின்மைக் கணக்கை வெளியிடுவதை நிறுத்தியது. கடைசியாக வந்தது 21.3 சதவீதம். மாணவர்களைக் கழித்துவிட்டு மறுபடி வெளியிட்டார்கள். அப்போது என் வீட்டுக்காரர் வேறொரு கணக்குச் சொன்னார். உலகத் தரவரிசையில் முதல் ஐம்பது பல்கலைக்கழகங்களில் படித்துத் திரும்புகிறவர்களுக்கு ஷாங்காய் ஹுகோவை எளிதாகத் தருகிறது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இரண்டு அந்த வரிசையில் வருகின்றன. ஷாங்காயில் பிறந்தவள் ஷாங்காய்க்காரி ஆகச் சிங்கப்பூர் சுற்றி வரவேண்டும். விதி அதுவரை மாறாமலிருந்தால்.

போன ஞாயிறு வீடியோவில் மைத்துனர் மகன் அவளுடைய வடிவியல் கணக்கை இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டினான். “அடுத்த வருடப் பள்ளி இறுதித் தேர்வில் சொதப்பினால் என்ன செய்வாய்?” என்று கேட்டான். தொழிற்கல்லூரிக்குப் போய் டிசைன் படிப்பேன் என்றாள். “அப்புறம்?” “அப்புறம் பார்த்துக்கலாம்.” அவன் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து மாமியார் போனை வாங்கி, பாட்டிக்கும் அனுமதி உண்டாமே, எனக்குப் பதிலாகத் தான் ஒரு வருடம் வந்து இருக்கட்டுமா என்று என்னிடம் கேட்டார்.