ஒரே ஒரு தடித்த புத்தகம்

பொது அறிவுக்கென்று ஒரே ஒரு புத்தகம் வாங்கி வைப்பதானால் மூன்று வகைதான்: ஆண்டுதோறும் வரும் ஆண்டு நூல், வழவழப்பான தாளில் வண்ணப்படத் தொகுப்பு, அகரவரிசைக் கலைக்களஞ்சியம். நான் வாங்கியது கடைசி வகை. கொலம்பியா கலைக்களஞ்சியத்தின் ஆறாம் பதிப்பு, அதுவும் பழைய பிரதி. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

எடை, எழுத்தளவு, தாளின் தரமெல்லாம் கையில் எடுத்தாலே தெரிந்துவிடும். தெரியாதது, புத்தகத்துக்கு எப்படி வயதாகும் என்பது.

2000-இல் வந்த என் பிரதியில் புளூட்டோ இன்னும் கோள்தான். 2006-இல் சர்வதேச வானியல் ஒன்றியம் அதைக் குறுங்கோளாக்கிவிட்டது. ஓரத்தில் பென்சிலால் ‘குறுங்கோள், 2006’ என்று எழுதினேன், பராமரிப்பு முடிந்தது. 1930-இல் கிளைட் டோம்பா அதைக் கண்டுபிடித்ததோ, சூரியனைச் சுற்றிவர அதற்கு ஏறத்தாழ 248 ஆண்டுகள் ஆவதோ மாறிவிடவில்லை. 2011-இல் பிறந்த தெற்கு சூடானுக்காக சூடான் பதிவின் ஓரத்தில் இன்னொரு வரி. இப்படி ஒரு பென்சில் பல ஆண்டுகளுக்குத் தாங்குகிறது.

ஆண்டு நூலில் பென்சில் செல்லாது. 1868-இல் முதலில் வெளிவந்த வேர்ல்டு அல்மனாக் போன்றவற்றில் மக்கள்தொகை, தேர்தல் முடிவு, விளையாட்டுச் சாதனை என்று எண்கள்தாம் சரக்கு. அடுத்த பதிப்பு வந்த அன்றே பாதி அட்டவணைகள் பழசு. இன்றைய எண்ணுக்குக் கைபேசி போதும். ஆனால் ஓர் ஆண்டில் உலகம் எப்படி இருந்தது என்று பார்க்க, அந்த ஆண்டின் பழைய பிரதியை மிஞ்ச ஆளில்லை.

படத் தொகுப்புகளை நூலகத்தில் புரட்டியதோடு சரி. வீட்டில் வைத்துப் பழகியதில்லை. இதயமோ ஜெட் எஞ்சினோ வேலை செய்யும் விதத்தை ஒரு குறுக்குவெட்டுப் படம் காட்டுவதுபோல் என் புத்தகத்தின் இரண்டு பத்திகளால் காட்ட முடியாது. குழந்தைகளுக்கென்றால் யோசிக்காமல் அதையே வாங்கியிருப்பேன்.

எனக்கோ வழிதவறுவதில்தான் சுகம். கோளைத் தேடிப் போனவன், பக்கத்திலேயே நின்ற பாதாள தேவன் புளூட்டோவிடம் மாட்டி, அங்கிருந்து நழுவி, கோளின் பெயரைச் சுமக்கும் புளூட்டோனியத்தில் போய் நின்றேன். அகரவரிசை செய்த வேலை.

வாழ்ந்துகொண்டிருப்பவர்களின் பதிவுகளை மட்டும் திருத்துவதை விட்டுவிட்டேன். பிறந்த ஆண்டுக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் வெற்றிடமும், நிரப்பி மாளவில்லை.