பெரிய கனவுக்குக் காத்திருப்பதா, சின்ன ஊழியத்தில் இறங்குவதா?

சபையில் பெரிய ஊழியம் (இறைப்பணி) செய்யும் கனவு உள்ளவர் முன் இரண்டு வழி. ஒன்று, கதவு திறக்கும்வரை ஜெபித்துக் காத்திருப்பது. கனவு கலையாது, சரி, ஆனால் கையும் பழகாது. இன்னொன்று, ஞாயிறு பள்ளி, நோயாளிகளைச் சந்திப்பது, ஆராதனை முடிந்து நாற்காலி அடுக்குவது என்று கிடைத்ததைச் செய்வது. அலுப்பு நிச்சயம், யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

பைபிளில் வரும் யோசேப்பு, தான் உயர்வதாகக் கனவு கண்டது 17 வயதில், எகிப்து மன்னன் பார்வோன் முன் நின்றது 30 வயதில். நடுவில் போத்திபார் என்ற எகிப்திய அதிகாரி வீட்டில் அடிமை வேலை, அப்புறம் சிறை. அங்கே இரண்டு கைதிகளின் முகவாட்டத்தைக் கவனித்து என்னவென்று விசாரித்தாரே (ஆதியாகமம் 40), அந்தச் சின்ன விசாரிப்புதான், அவர்களில் ஒருவர் பார்வோனிடம் இவரைப் பற்றிச் சொல்ல, பிற்பாடு அரண்மனைவரை கொண்டுபோனது.

நான் இரண்டாவது பக்கம்தான். ஆனால் வேலை மும்முரத்தில் கனவே மறந்துபோகும் ஆபத்தும் இதில்தான் அதிகம். ஒரு நோட்டில் எழுதிவைத்து, மாதம் ஒருமுறையாவது ஜெபத்தில் எடுத்துப் பாருங்கள்.